டாக்டர் ஆகாவிட்டால் என்ன?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் "நன்றாகப் படியுங்கள், முன்னேறுங்கள்" என்று வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி.

ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் உயிரியல் பாடம் நடத்திய காலம். என்னிடம் படித்த ஒரு மாணவனின் தாயார் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பழைய ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். கையில் மகனுக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதம். "சார், மெடிசின் கெடைக்கல. பயாலஜியாம். அதப் படிச்சா இவன் என்ன சார் ஆவான்?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம். அந்தத் தோட்டத்திலிருந்து அங்கே போகும் முதல் பிள்ளை அவன். இனிப்பு வாங்கிக்கொண்டு வரவேண்டிய தாய், இழவுச் செய்தி சொல்ல வந்தவர் போல நின்றார். அதற்குப் பிறகும் பல மாதங்கள், "மகன் என்ன படிக்கிறான்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "யுனிவர்சிட்டில இருக்கான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வாராம். பாடத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நம்மில் பலர் வீட்டில் நடப்பதும் இதுதான். பிள்ளைக்கு அறிவியலில் கொஞ்சம் மார்க் வந்துவிட்டால் அவன் டாக்டர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த இடம் கிடைக்காவிட்டால் அவன் தோற்றுப்போனவன் என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை தலை குனிந்து நடக்கிறது. ஆகவே இன்று உயிரியல் துறை என்றால் என்ன, அங்கே படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற சேதியை உங்களுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாம் வெட்டிய மரம்

முதலில் நமக்குத் தெரிந்த மரத்திலிருந்தே தொடங்குவோம். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது, நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. நட்டவர் அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. அவற்றில் ஒரு மரத்தைக் கோலகங்சாரில் இன்றும் காட்டுகிறார்கள். அந்த மரத்தை நம்பித்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்தார்கள்.

மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890-களில் செய்து காட்டியவர் ரிட்லி. அவர் 1888 முதல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக இருந்த தாவரவியல் அறிஞர். இலட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஒரு தாவரவியல்காரரின் கத்தி வெட்டிலிருந்து கிளம்பியது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இங்கே பால்வெட்டிய பெரியவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடமே கேட்கிறேன். ஏன் விடியுமுன் போய் வெட்டினீர்கள்? "வெயில் ஏறினா பால் நின்னுடும்" என்பீர்கள். உண்மைதான். இரவெல்லாம் மரம் வேரால் நீரை இழுத்து வைத்திருக்கிறது. பட்டைக்குள்ளே இருக்கும் நுண்ணிய பால்குழாய்கள் நீரேறி விம்மி நிற்கின்றன. வெயில் வந்தால் இலை வழியாக நீர் ஆவியாகப் போகிறது. குழாயின் விம்மல் தளர்கிறது. பாலும் குறைகிறது.

வெட்டை ஏன் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் தாழ இறக்கினீர்கள்? கங்காணி அப்படிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சொன்னவர் யார்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை. சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். இதைப் பட்டையை மெல்லிய சீவல்களாக்கி நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்த ஒருவர்தான் கண்டுபிடித்திருக்க முடியும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டு மரம் காயப்பட்டால் திட்டு விழுமே, அது ஏன்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்படை என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். அது கெட்டால் அந்த இடத்தில் நல்ல பட்டை வராது, முண்டு முண்டாகிவிடும்.

பார்த்தீர்களா? எப்போது, எப்படி, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நம் கைக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது மட்டும் வேறு யாரிடமோ இருந்தது. அந்த "ஏன்" இருக்கும் இடத்துக்குப் பெயர்தான் உயிரியல் துறை.

வண்டு வந்தது, வேலை போனது

அந்த "ஏன்" யாரிடம் இருக்கிறது என்பதில் சோற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதெல்லாம் செம்பனையில் காய் சரியாகப் பிடிக்காது. ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூளை எடுத்து, முகப்பவுடர் மாவோடு கலந்து, பெண் பூவில் ஊதிவிட ஆள் போடுவார்கள். என் சித்தி அந்த வேலை பார்த்தவர். மரம் மரமாகப் போய், முள் கிழிக்க, பூ மலர்ந்திருக்கிறதா என்று பார்த்து ஊதிவிட்டு வரவேண்டும். தினமும் சுற்ற வேண்டிய வேலை.

செம்பனை பிறந்த இடமான ஆப்பிரிக்காவில் யாரும் ஊதவில்லை. ஆனாலும் குலை குலையாகக் காய்த்தது. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. டாக்டர் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கெமரூன் நாட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சின்ன மூக்கு வண்டு ஆண் பூவில் மொய்த்துக் குடும்பம் நடத்துகிறது. பெண் பூவிலும் நுழைந்து வெளியே வருகிறது. அதன் உடம்பெல்லாம் மகரந்தம். அந்த வண்டு வேறு பயிர்களைக் கெடுக்காதா என்று பலவகையாகச் சோதித்த பிறகு, 1981-இல் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பகுதியில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுவதும் அது பரவிவிட்டது. இன்று நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு செம்பனைக் குலையும் அந்த வண்டின் உழைப்புத்தான்.

நாட்டுக்கு நல்லது. தோட்டத்துக்கு இலாபம். சித்திக்கு? "பூ ஊதுற வேல இல்ல, இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியாது. ஒரு வண்டு தன் வேலையை எடுத்துக்கொண்டது என்பதைக்கூட யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வண்டு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டு பூவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து, அந்தப் பூவைப் பற்றிப் படித்தவர் ஒருவராவது வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்துச் சேதி

மலாயாப் பல்கலைக்கழகம் என்றாலே நம்மவர்களுக்கு இந்திய ஆய்வியல் துறைதான் நினைவுக்கு வரும். அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் விலங்கியலும் உண்டு. 1949-இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கியபோது தாவரவியலின் முதல் பேராசிரியராக அமர்ந்தவர் ஹோல்ட்டம் என்ற ஆர்க்கிட் மலர் அறிஞர். பிறகு கோலாலம்பூரிலும் துறைகள் வளர்ந்தன. காட்டிலேயே தங்கிப் படிப்பதற்காக 1965-இல் உலு கோம்பாக்கில் ஒரு நிலையம் வந்தது. 1974-இல் வளாகத்துக்குள்ளேயே ரிம்பா இல்மு என்ற தாவரத் தோட்டம் வந்தது. இப்போது இந்தத் துறைகளெல்லாம் உயிரியல் அறிவியல் கழகம் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன.

அங்கே படித்தவர்களில் ஒருவர் சிம்மாத்திரி அப்பண்ணா. பெயரைக் கேட்டாலே நம் பக்கத்துப் பெயர் என்று தெரிகிறதல்லவா? 1979-இல் அவர் அங்கே முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு காட்டு மரங்களின் பூக்களுக்குப் பூச்சிகள் செய்யும் சேவையைப் பற்றியது.

நம் வீட்டுச் சட்டங்களுக்கும் பலகைகளுக்கும் மெராந்தி மரம் வாங்குகிறோம். அந்த மரம் காட்டில் 40 மீட்டருக்கு மேல் உயரும். ஆண்டுதோறும் பூக்காது. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு பருவத்தில் காடே பூத்துக் குலுங்கும். இத்தனை கோடிப் பூவுக்கும் மகரந்தம் சுமப்பது யார்? தேனீயா? அத்தனை தேனீ அங்கே இல்லை.

நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காட்டில் அப்பண்ணாவும், வன ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த எச். டி. சானும் மர உச்சி வரை போய்ப் பார்த்தார்கள். பதில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தது. இலைப்பேன்! நம் வீட்டு மிளகாய்ச் செடியில் இலையைச் சுருட்டிவிடுமே, அந்தக் குடும்பத்துப் பூச்சி. மொட்டுக்குள் அது தின்று பெருகுகிறது. ஒரு தலைமுறைக்கு அதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். அதனால் பூ மலரும் நாளுக்குள் கணக்கில்லாமல் பெருகிவிடுகிறது. சாயங்காலம் பூ விரிகிறது. மறுநாள் இதழ்கள் சுழன்று சுழன்று தரையில் விழுகின்றன. உள்ளே மகரந்தம் பூசிய இலைப்பேன்கள் இருக்கின்றன. அன்று பொழுது சாயும்போது அவை மறுபடி மேலே பறந்து புதுப்பூவுக்குப் போகின்றன. மெராந்தி வகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பதால் ஒரு மரத்தில் பெருகிய கூட்டம் அடுத்த மரத்துக்குப் பயன்படுகிறது.

இதை 1981-இல் அவர்கள் எழுதி வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் காட்டைப் பற்றிப் படிக்கிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள். அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. 1999-இல் சரவாக் காட்டில் ஆராய்ந்த ஜப்பானியர்கள், அங்கே மெராந்திக்குச் சேவை செய்வது வண்டுகள் என்று எழுதினார்கள். ஒரே மரத்துக்கு இரண்டு காட்டில் இரண்டு பதில்! மிச்சக் கேள்விக்கு விடை காணப்போகிறவர் இன்று இங்கே முன்வரிசையில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அதே பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, சுண்டுவிரல் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் எண்ணி அடையாளத் தகடு மாட்டியிருக்கிறார்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள், எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள். நாம் ரப்பர் நிரையில் மரத்துக்கு எண் போட்டோமே, அதே வேலைதான். வித்தியாசம், அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனிப் பெயரும் வரலாறும் இருக்கிறது.

விலங்கியல் துறையில் ஏ. சசேகுமார் என்பவர் கடலோரச் சதுப்புக் காட்டின் சேற்றில் முழங்கால் புதைய நின்று நண்டும் நத்தையும் எண்ணியவர். பிற்பாடு அவரும் உடன் ஆய்ந்தவர்களும் சிலாங்கூர் சதுப்புக் காட்டு ஓடைகளில் நூற்றுக்கு மேற்பட்ட மீன் வகைகளைப் பதிவு செய்தார்கள். அந்த ஓடைகள் குஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் வளரும் இடம் என்று காட்டினார்கள். நம் தைப்பிங் பக்கத்து மாத்தாங் சதுப்புக் காடு 40,000 ஹெக்டருக்கு மேற்பட்டது. 1900-களின் தொடக்கத்திலிருந்து திட்டம் போட்டு, சுமார் 30 ஆண்டுச் சுற்றில் வெட்டி, மறுபடி வளர்த்து, கரி எடுத்து வருகிறார்கள். கோல செபெத்தாங் பக்கம் போனால் கரிச்சூளைகளைப் பார்க்கலாம். காட்டை வெட்டியும் அழிக்காமல் வைத்திருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வெளிநாட்டார் அங்கே வருகிறார்கள். நாமோ அங்கே இறால் வாங்கத்தான் போகிறோம்.

சாவுக்குருவியின் கதை

இனிச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு அதன் மேல் பெட்டி வைத்திருப்பார்களே, அது என்ன? ஆந்தைப் பெட்டி. வெண்முகக் கூகைக்கு வீடு.

நம்மவர்களுக்கு அந்தப் பறவையைக் கண்டால் ஆகாது. லயத்துக் கூரையில் அது அலறினால் "சாவுக்குருவி கத்துது, எந்த வீட்டுக்கோ கேடு" என்று கல்லெடுத்து அடிப்போம். ஆனால் எலி என்ன செய்கிறது? செம்பனைப் பழத்தைக் கடித்துத் தின்கிறது. இந்தக் கூகை 1960-களின் கடைசி வரைக்கும் தீபகற்பத்தில் அரிதான பறவை. செம்பனை பெருகியதும் எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகையும் வந்தது.

கிரஹாம் லென்டன் என்பவர் இதையே எடுத்துக்கொண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1980-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்து உள்ளேயுள்ள மண்டையோடுகளை எண்ணினால் என்ன தின்றது என்று தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்ததில் அநேகமாக எல்லாமே எலி. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்குக் குறையாத எலிகளைத் தீர்த்துவிடும் என்று கணக்கு வந்தது. பிறகுதான் தோட்டங்களில் பெட்டி வைக்கும் பழக்கம் பரவியது. எலி விஷம் மலிவாகக் கிடைக்கிறது என்று அள்ளிப் போட்டால், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் செத்துப்போகும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்தது.

ஆகவே தோட்டத்துத் தோழர்களே, அடுத்த முறை அந்தக் குரல் கேட்டால் கல்லைத் தேடாதீர்கள். அது உங்கள் குலையைக் காவல் காக்கும் பறவை.

பெண் பிள்ளைகளுக்கு

"ஆம்பளப் பிள்ளைங்க காட்டுக்குப் போகலாம், பொண்ணு எப்படிப் போவா?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே பெரிதாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். 1945-இல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் பட்டியல் நூலை வெளியிட்டார். இந்திய அரசு 1977-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1984-இல் காலமானார். அவரையும் டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். ஸ்டெதஸ்கோப் மாட்டாத டாக்டர்!

பெற்றோர்களுக்கு

உண்மையை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உயிரியல் படித்தால் உடனே பெரிய சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் பட்டத்தோடு நிறுத்தினால் வேலை தேடி அலைய வேண்டி வரலாம். சிலர் ஆசிரியர் ஆனார்கள், சிலர் மருந்து விற்கும் கம்பெனிக்குப் போனார்கள், சிலர் சம்பந்தமே இல்லாத வேலைக்கும் போனார்கள். பி.டி.பி.டி.என். கடன் வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். ஆனால் டாக்டர் படிப்பு மட்டும் பஞ்சு மெத்தை என்று யார் சொன்னது? 2016-இன் கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்ததும், 2021-இல் இளம் டாக்டர்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்து நிரந்தர வேலை கேட்டதும் நாம் பார்த்ததுதானே.

உயிரியல் படித்தவர்களுக்கு என்று உள்ள இடங்களும் இந்த நாட்டில் உண்டு. செம்பனை வாரியம், ரப்பர் வாரியம், கெப்போங் வன ஆய்வுக் கழகம், 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம், மீன்வளத் துறை, வனவிலங்குத் துறை, தோட்டக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகள். அங்கெல்லாம் நம் பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டும். போட வேண்டுமானால் நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை எடுத்திருக்க வேண்டும். "கஷ்டமான பாடம், வேண்டாம்டா" என்று அந்த வயதில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை இந்தக் கதவுகளையெல்லாம் சாத்திவிடுகிறது. மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பிள்ளை தடுமாறினால் அதைப் படிவம் ஐந்தில் சரிசெய்ய முடியாது. இங்கே, இந்தத் தமிழ்ப்பள்ளியில் இருக்கும்போதே கவனியுங்கள்.

மாணவர்களுக்கு

செல்வங்களே, உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் தாமானில் ரம்புத்தான் என்று பூத்தது? டுரியான் பூ எத்தனை மணிக்கு விரிந்தது? டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் மலர்ந்திருக்கும். அதற்கு மகரந்தம் கொண்டு வருவது தேன் குடிக்கும் வௌவால். அந்த வௌவால் பகலில் தூங்குவது நம் ஈப்போவைச் சுற்றியிருப்பது போன்ற சுண்ணாம்பு மலைக் குகைகளில். மலையை உடைத்துச் சிமெண்ட் ஆக்கிவிட்டால் வௌவால் எங்கே போகும், டுரியானுக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதற்குப் பணம் வேண்டாம். கண்ணும் பென்சிலும் போதும்.

கடைசியாக, நான் தொடங்கிய கதையை முடிக்க வேண்டும். அந்த மாணவன் படிப்பை முடித்தான். முதலில் ஓராண்டு வேலை கிடைக்காமல் ஈப்போவில் ஒரு கடையில் கணக்கு எழுதினான். பிறகு ஒரு செம்பனைக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் இடம் கிடைத்தது. பூச்சியும் எலியும் அவன் இலாகா. ஒரு பெருநாள் விடுமுறைக்கு வந்தவன் ஒரு பை நிறைய ஆந்தை உருண்டைகளைக் கொண்டுவந்து வாசலில் பழைய பேப்பரை விரித்துப் பிரிக்க உட்கார்ந்துவிட்டான். தாயார் கத்தித் தீர்த்துவிட்டாராம். "சாவுக்குருவி எச்சத்த வீட்டுக்குக் கொண்டாந்திட்டியேடா, படிச்சவன் செய்யுற வேலையா இது?"

அவன் பதில் பேசாமல் சின்னச் சின்ன மண்டையோடுகளை வரிசையாக வைத்தானாம். பத்து, இருபது, முப்பது. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் நம்ம பீல்டு எலியா?" என்று கேட்டார். அந்தத் தோட்டத்தில் பழைய ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது கன்று நட்டவர்களில் அவரும் ஒருவர். எலி கடித்த பழத்தைப் பொறுக்கி எடுத்த கை அது. அன்று மாலை வரைக்கும் மகனோடு உட்கார்ந்து எண்ணினாராம். எண்ணிக்கையை அவன் எழுதினான்.

போன தடவை நான் அந்த அம்மாவைப் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் "ஒங்க மகன் என்னாங்க படிச்சாரு?" என்று கேட்டார். என் முன்னாலேயே, தலை நிமிர்ந்து, அவர் சொன்ன பதில்: "பயாலஜி. ஆந்தையப் பத்தி அவன்கிட்ட கேளுங்க."

அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் இருப்பது வாழ்த்து மட்டும்தான். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளையும், வாங்காவிட்டாலும் ஒரு புழுவை உற்றுப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு நேரம் கழித்து வந்து திட்டு வாங்கும் பிள்ளைகளையும் மனமார வாழ்த்துகிறேன். பெற்றோர்களே, அந்தப் பிள்ளை என்ன பார்த்தது என்று வீட்டில் ஒரு தரம் கேளுங்கள்.